தம்பியின் கத்திக்கு ஒரு கல் பிடி

ஜூன் 12, திங்கள்

தண்ணீர்: முக்கால் லிட்டர், காலைக் காபியும் சேர்த்து.

டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் டயட் அம்மா இந்த டைரியைக் கொடுத்து, குடிக்கிற தண்ணீரையும் சாப்பிடுகிற சாப்பாட்டையும் தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் நாளுக்கு முக்கால் லிட்டரைத் தாண்டக் கூடாதாம். ஏதோ மருந்துக் கம்பெனியின் போன வருடத்து டைரி. தேதியும் கிழமையும் பொருந்தவில்லை. அடித்துவிட்டு எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் தண்ணீரோடு நிற்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியாது. என் வாயை அடைக்கவே ஆள் வேண்டும், கை மட்டும் சும்மா இருக்குமா?

என் தொழில் கத்திக்குக் கல்லில் பிடி போடுவது. காங்கயத்தில் கல் பட்டை தீட்டுகிற வீடுகளுக்குக் குறைவில்லை. மோதிரத்துக்கும் கம்மலுக்கும் தீட்டுவார்கள். கத்திப் பிடிக்கென்று கல் அறுக்கிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். கத்தி சேர்க்கிற பைத்தியம் பிடித்தவர்கள் எங்கெங்கிருந்தோ அலகை மட்டும் அனுப்புவார்கள். அவர்கள் கையின் அளவுக்கு நான் பிடி செய்து பொருத்தி அனுப்புவேன். அந்தக் கத்தியால் ஒருவரும் ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

கல்லை அறுக்கும்போதும் துளை போடும்போதும் அதன்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் சூடேறிப் பிளந்துவிடும், தூசியும் நெஞ்சுக்குள் போகும். நாள் முழுக்கக் குழாய்க்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சளசளவென்று அது ஓடும். நானோ நாக்கைச் சுழற்றிக்கொண்டு, அடுத்த அரை டம்ளர் எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடவுளுக்கு வேடிக்கை பார்க்க வேறு வீடு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 14, புதன்

தண்ணீர்: எழுதினால் டயட் அம்மா திட்டுவார். எழுதவில்லை.

ஜூன் 19, திங்கள்

தண்ணீர்: முக்கால் லிட்டர். நல்ல பிள்ளையாக இருந்தேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிட்டால் நல்லது, இப்படியே இழுத்துக்கொண்டு போனால் உடம்பு அதிக காலம் தாங்காது என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இவர், தன்னுடையதைத் தருகிறேன் என்று போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு வருடமாக டீக்கடையில் மைசூர்பாகு தின்கிற ரகசியம் இப்படித்தான் வெளியே வந்தது. திட்டலாம் என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

சேலத்தில் படிக்கிற மகள் இலக்கியா போனில், “நான் குடுக்கறேம்மா” என்றாள். பத்தொன்பது வயசு. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார். ஒரு தம்பி இருக்கிறான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 23, வெள்ளி

இன்று டயாலிசிஸ். இடது கையில் ஊசி ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். டிபன் கேரியர் திறக்கிற சத்தம் கேட்டது. இவர்தான் என்று நினைத்து, “பசியில்லீங்க” என்றேன்.

“பசியில்லாட்டியும் சாப்புடோணும்” என்றது வேறு குரல்.

திருமூர்த்தி. என் தம்பி. ஆறு வருடத்தில் முன்நெற்றி ஏறிவிட்டது, தொப்பை இறங்கிவிட்டது. கல்யாணச் சமையல் மாஸ்டர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி நின்றான்.

“யாரு சொன்னது?” என்றேன்.

“இலக்கியா போன் பண்ணுச்சு.” மடியில் தட்டை வைத்தான். “உப்பு போடல. சாப்புடு.”

உப்பே இல்லாத புடலங்காய்க் கூட்டு. டயாலிசிஸ் தொடங்கிய இந்த நாலு மாதத்தில் வாய்க்கு ருசியாக ஒன்று உள்ளே போனது இன்றைக்குத்தான். அவனிடம் சொல்லவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 24, சனி

தண்ணீர்: முக்கால் லிட்டர்.

அந்தச் சண்டையைப் பற்றி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பக்கத்து நியாயம் யாருக்குத் தெரியும்?

இலக்கியா பெரியவளான சீருக்கு அவன்தான் தாய்மாமன், அவன்தான் சமையலும். காலையில் பூசணிக்காய் அரிய ஆள் பற்றவில்லை என்று நான் போய் உட்கார்ந்தேன். தன் கத்தியை அப்படியே என் கையில் கொடுத்தான். உப்பு, ஊசி, கத்தி மூன்றையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். அவசரத்தில் கொடுத்தான், அவசரத்தில் நானும் வாங்கிவிட்டேன். பந்தியில் முதல் வாய் சாப்பிட்டதும், “சாம்பார்ல உப்புக் கூட” என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். மண்டபம் முழுக்கக் கேட்டது என்கிறார்கள். இடுப்புத் துண்டை அவிழ்த்து அண்டா மேல் போட்டுவிட்டுப் போனவன்தான். தாய்மாமன் போட வேண்டிய மாலையை என் பெரியப்பா மகன் போட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

எல்லாம் கத்தியைக் கையில் கொடுத்ததால் வந்தது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். ஆனால் உப்பு கூடத்தான் இருந்தது.

அந்தக் கத்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தொழிலுக்குப் போன புதிதில் கொல்லுப்பட்டறையில் சொல்லி அடித்து வாங்கியது. நல்ல இரும்பு. அடுப்போரம் கிடந்து மரப்பிடி கருகிவிட்டது. பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். துருப்பிடிக்காமல் அவ்வப்போது எண்ணெய் தடவுவேன், இரும்பைப் பாழாக்கக் கூடாது என்று.

ஜூலை 3, திங்கள்

திருமூர்த்தி யாரிடமும் சொல்லாமல் பரிசோதனைக்குப் போயிருக்கிறான். ரத்தம் பொருந்துகிறதாம். இன்னும் ஏதேதோ பார்க்க வேண்டுமாம்.

இன்றும் கேரியரோடு வந்தவனிடம், “வேண்டாம்டா” என்றேன். “அண்டா தூக்கற ஒடம்பு. உனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது.”

“உங்கிட்ட நான் கேட்டனா?” என்றான்.

“என்ற ஒடம்புக்குள்ள வெக்கறத எங்கிட்டக் கேக்காம?”

“அத டாக்டர் பாத்துக்குவாரு. நீ கூட்டச் சாப்புடு.”

ஜூலை 8, சனி

தண்ணீர்: ஒரு லிட்டர். வெயில்.

பட்டறையில் பழைய சரக்கை ஒதுங்க வைத்தபோது சந்திரகாந்தக் கல் கையில் தட்டுப்பட்டது. வியாபாரத்தில் மூன்ஸ்டோன் என்போம். சின்னச் சின்னதாக எங்கள் பக்கத்தில் கிடைக்கும். இத்தனை பெரியது, கத்திப் பிடிக்குத் தகடு போடுகிற அளவுக்கு, நான் பார்த்தது இது ஒன்றுதான். கிணறு வெட்டிய மண்ணில் கிடைத்தது. அசைத்தால் பால் மாதிரி வெளுப்புக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் ஓடும். சென்னையிலிருந்து ஒருவர் வருடா வருடம் கேட்கிறார். கொடுக்கவில்லை.

இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. தட்டினாலோ சூடேறினாலோ தனக்குத்தானே பிளந்துகொள்ளும். ரோஷம் அதிகம், எங்கள் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியது. நனைத்துத் துடைத்து வெயிலில் வைத்தேன். உள்ளே விரிசல் இருந்தால், கல் உலர்ந்த பிறகும் அந்த இடம் மட்டும் ஈரமாக மயிர்க்கோடு போலத் தெரியும். வெகுநேரம் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை.

சும்மாதான் எடுத்துப் பார்த்தேன். கை பழக்கம் விட்டுப்போகக் கூடாதல்லவா?

ஜூலை 15, சனி

திருமூர்த்தி வந்து சப்பாத்தி போட்டான். மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, ஒரு உருண்டையை இறுக்கிப் பிடித்துக் காட்டு, மாவு பதமாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றேன்.

“பத்தாயிரம் பேருக்குப் போட்டவனுக்குப் பதம் சொல்லித் தர்றயா?” என்றான்.

“புடிடா.”

பிடித்தான். கத்தி பிடிக்கிற மாதிரி பிடி என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அப்படியும் பிடித்தான். அவன் வலது ஆள்காட்டி விரல் முழுதாக மடங்காது. என்றோ காய்ந்த நெய் கொட்டியது. மாவில் அந்த இடம் மட்டும் நீளமாகப் பதிந்தது. பதம் நன்றாகத்தான் இருந்தது. அந்த உருண்டையை பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். இவர் அதை எடுத்துச் சுடப் போனார், கையிலேயே ஒன்று போட்டேன்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லாத மாதம். இந்த மாதத்திலேயே ஆபரேஷனை முடித்துவிட்டால் தொழில் கெடாது என்று திருமூர்த்தி கணக்குப் போட்டான். பரிசோதனைகள் முடிகிறபாடில்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆவணி முகூர்த்தம் எல்லாவற்றையும் வேறு ஆட்களுக்குத் தள்ளிவிட்டானாம். ஐப்பசியும் சேர்த்து. மூன்று மாதத்துக்கு அவன் அண்டா தூக்கக் கூடாது.

இதை அவன் சொல்லவில்லை. இவர் சொன்னார்.

ஜூலை 29, சனி

தண்ணீர்: குறைவு. பேசிக்கொண்டே இருந்ததில் மறந்துவிட்டேன்.

கோகிலவாணி வந்திருந்தாள். திருமூர்த்தியின் மனைவி. அவளைத் தெருமுனையில் பார்த்ததுமே எதற்கு வருகிறாள் என்று புரிந்துவிட்டது. கல்லைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

“எனக்குப் பயமா இருக்குதுங்க அண்ணி” என்றாள் உட்கார்ந்ததும்.

“எனக்கும்தான். நானே அவங்கிட்ட வேண்டாம்னு சொல்லீர்றேன்.”

“நீங்க சொன்னாக் கேக்கற ஆளுங்களா அவரு? நீங்க வேண்டாம்னு சொல்லச் சொல்ல, குடுத்தே தீருவேன்னு நிப்பாரு.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “குடுக்கட்டுமுங்க. நான் தடுக்க வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். இது முடிஞ்சதுக்கப்புறம் மறுக்கா ரெண்டு பேரும் பேசாம இருந்தறாதீங்க.”

காபி போடட்டுமா என்றேன்.

“ஆறு வருஷமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் சாம்பாரை எறக்கறதுக்கு முன்னால எனக்குத்தானுங்க போன் வரும். உப்புப் பாரு, வந்து உப்புப் பாருன்னு. அவரு நாக்க அவரே நம்பறதில்லீங்க அண்ணி. மண்டபம் பக்கத்துல இருந்தா ஓடுவேன். தூரமா இருந்தா அங்க பந்தி முடியற வரைக்கும் எனக்கு இங்க கையுங் காலும் ஓடாது.”

அவள் போன பிறகு வேலைக்கு உட்கார்ந்தேன். ஒன்றும் ஓடவில்லை. கல்லை மறுபடியும் கழுவினேன்.

ஆகஸ்ட் 9, புதன்

டயாலிசிஸ் முடிந்து வந்து படுக்காமல் பட்டறைக்குப் போனதற்கு இவர் திட்டினார். இந்த ஊரில் என்னைத் திட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

சந்திரகாந்தக் கல்லை நடுவில் அறுத்தேன். கத்திப் பிடிக்கு இரண்டு தகடு வேண்டும், இரும்பின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரே கல்லைப் பிளந்து எடுத்தால் இரண்டிலும் வெளிச்சம் ஒரே மாதிரி ஓடும். புத்தகம் பிரித்த மாதிரி வந்தது. நான் செய்ததிலேயே நல்ல ஜோடி. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதை டயட் அம்மா கணக்கில் கழித்துக்கொள்ளலாமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

முதல் தகடு முடிந்தது. மாவு உருண்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மடங்காத விரலுக்கு ஒரு பள்ளம் எடுத்து, மூன்று ஆணிக்கும் துளை போட்டு, மெருகும் ஏற்றிவிட்டேன். துளையைப் பாதி இந்தப் பக்கமிருந்தும் பாதி அந்தப் பக்கமிருந்தும் போட வேண்டும். ஒரே மூச்சில் குத்தினால் மறுபக்கம் சில்லு பெயர்ந்துவிடும். எல்லாம் ஒழுங்காக வந்தது. கை நடுங்கவில்லை.

ஆமாம், திருமூர்த்தியின் கத்திக்குத்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒருவன் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறான். திருப்பிக் கொடுக்க என்னிடம் இருப்பது கல்தான்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

தண்ணீர்: அரை லிட்டர். திங்கட்கிழமை எடை கூடிப்போனதால் இன்னும் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்கிறது. குழாய்ச் சத்தம் தாங்கவில்லை. கொஞ்சம் மூடி, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

இரண்டாவது தகடு துளை போடும்போது பிளந்துவிட்டது. மேலிருந்து கீழாக, நேராக. கல்லின் குணம் அது.

ஆகஸ்ட் 23, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கோயமுத்தூருக்கு இரண்டு வீடும் ஒரே காரில் போகிறோம்.

முழுத் தகட்டையும் பிளந்த இரண்டு துண்டுகளையும் துணியில் சுற்றிக் கத்தியோடு பீரோவில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் திருமூர்த்தி வந்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ‘அன்னிக்கு சாம்பார்ல உப்பு சரியாத்தான்டா இருந்துச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. வாய் வரை வந்தது. ஆனால் சரியாக இல்லையே. ஆபரேஷனுக்குப் போகிறவனிடம் பொய் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. “ரிமோட்டக் குடு” என்றேன்.

ஆகஸ்ட் 30, புதன்

விடியற்காலை. முதலில் அவனைத்தான் கொண்டுபோகிறார்கள். ஸ்ட்ரெச்சரை என் அறை வாசலில் நிறுத்தச் சொன்னான். பச்சைத் தொப்பிக்குள் அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

“அக்கா, உப்பே போடாம அனுப்பி வெக்கறேன். கொற சொல்லாத.”

தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கோகிலவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த பிஸ்டுலா இருக்கும் இடது கையை. உள்ளே சாணை ஓடுகிற மாதிரி அதிருமே, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்லா ஓடுதுங்க அண்ணி” என்றாள்.

அவன் திரும்பி வர வேண்டும். எனக்கு ஆவதும் ஆகாததும் அப்புறம். அவன் நல்லபடியாக எழுந்து வர வேண்டும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

தண்ணீர்: மூன்று லிட்டர். மூன்று! குடி குடி என்று நர்ஸ் விரட்டுகிறாள். முதல் டம்ளரைக் கையில் வாங்கியபோது யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குடித்தேன்.

வேலை செய்கிறதாம். தையல் வலிக்கிறது, வாய் கசக்கிறது, முகம் அப்பம் போல வீங்கியிருக்கிறது. எல்லாம் சரி. நன்றி என்று யாருக்கு எழுதுவது? டாக்டருக்கு, ராத்திரி முழுக்கச் சிறுநீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த கேரளத்து நர்சுக்கு, கோகிலவாணிக்கு, மைசூர்பாகை விட்டுவிட்ட இவருக்கு. திருமூர்த்தி பெயரை எழுதிவிட்டு அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதிய வரையில் இருக்கட்டும்.

என் அறைக்குள் யாரும் வரக் கூடாது. அவன் வீட்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஏதோ சொன்னான். கேட்கவில்லை. திட்டத்தான் செய்திருப்பான்.

செப்டம்பர் 21, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். தூசி ஆகாது, ஒரு வருடத்துக்குப் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் பட்டறையைப் பூட்டிச் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். என் புருஷனுக்கு இவ்வளவு வீரம் எங்கிருந்து வந்தது?

அக்டோபர் 8, ஞாயிறு

தண்ணீர்: மூன்று லிட்டருக்கு மேல். எழுதவே அலுப்பாக இருக்கிறது, அத்தனை சந்தோஷம்.

திருமூர்த்தி வந்திருந்தான். போர்வை வேண்டும் என்றேன். போர்வை எடுக்கப் பீரோவைத் திறந்தவன், கையில் துணி மூட்டையோடு வந்தான். என் புத்தியை என்னவென்று சொல்வது.

“இது என்ற கத்தியல்ல?”

“ஆமா.”

கல்லைப் பார்த்தான். முழுத் தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பினான். நீலம் ஓடியது. அவன் விரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. மடங்காத விரல்.

“அன்னிக்கு மாவ இதுக்குத்தான் புடிக்கச் சொன்னயா?” என்றான்.

“ஜோடி போட்டேன். இன்னொண்ணு ஒடஞ்சிருச்சு.”

“எப்புடி?”

கல்லின் குணம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்துக்கு நேராக வரவில்லை. “தண்ணிச் சத்தம் தாங்கலடா. அத்தன தாகம். கொழாய மூடி வெச்சுட்டுத் தொளை போட்டேன். சூடேறிப் பொளந்துருச்சு” என்றேன். முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு காரியத்தை நான் செய்ததில்லை. அது போல இன்னொரு கல்லுக்கு எங்கே போவேன்? அழுதுவிட்டேன்.

அவன் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். சொம்பைக் காலி செய்தேன்.

“ரெண்டு பக்கமும் கல்லு வெச்சா எண்ணெக் கைல வழுக்கீருமுக்கா. நான் கண்ணாடிப் பொட்டில வெக்கறதுக்கா கேட்டேன்? உள்ளங்கைப் பக்கம் மரம் இருக்கட்டும். வெளிய தெரியற பக்கம் இது. ஒண்ணு போதும்.”

சட்டைக்கு மேலே இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னான். கல்லைத்தான் சொன்னான்.

நவம்பர் 5, ஞாயிறு

திருமூர்த்தி ஓர் உடைந்த துடுப்பைக் கொண்டுவந்தான். அண்டாவில் சோறு கிண்டுகிற துடுப்பு, பூவரசங் கட்டை. அதன் காம்பிலிருந்துதான் மறுபக்கத் தகடு. வேலை செய்தவர் இவர். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளே, இவர் வாசலில் உப்புத்தாளோடு.

“அப்படித் தேய்க்காதீங்க. இழை போற பக்கமாத் தேய்ங்க.”

“தெரியும் அம்மணி.”

“என்ன தெரியும்? குழி விழுகுது பாருங்க.”

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இவருக்கு இத்தனை பொறுமை இருப்பது இப்போதுதான் தெரிகிறது. பிடியைப் பசை வைத்துப் பித்தளை ஆணி அடித்து இறுக்கியதும் அவரே. கல்லின் மேல் சுத்தி விழும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சில்லும் போகவில்லை. நல்லவர். நேரில் சொன்னால் தலைகால் புரியாது என்று இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 23, வியாழன்

திருமூர்த்தி அண்டா தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு முதல் முகூர்த்தம். ஊருக்கு வெளியே இருக்கிற மண்டபம். கூட்டத்துக்குள் போகமாட்டேன், பின்கட்டில் திறந்தவெளியில் நின்றுவிட்டு வந்துவிடுகிறேன் என்று இவரிடம் சத்தியம் செய்துவிட்டு, முகக்கவசத்தோடு கிளம்பினேன். கத்தியை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

சமையல்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இடுப்பில் துண்டோடு அவன் வெளியே வந்தான். பூசணிக்காய் குவித்திருந்த மேசையின்மேல் கத்தியை வைத்துவிட்டு நான் தள்ளி நின்றேன்.

அவன் எடுக்கவில்லை. கையை நீட்டினான். “கைல குடு.”

“சண்ட வருமுடா. போன தடவ பட்டது பத்தாதா?”

“வரட்டும். அது சண்டயா? சண்ட போட்டிருந்தாப் பேசியிருப்பமே. ஆறு வருஷம் பேசவே இல்லயே நாம. குடுக்கா.”

நீட்டிய கை அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அலகை என் பக்கம் வைத்துப் பிடியை அவன் பக்கம் நீட்டினேன். வாங்கினான். விரல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு பூசணிக்காயை இரண்டாகப் போட்டான். கல்லில் அடுப்பு வெளிச்சம் பட்டு நீலம் ஓடியது. சுற்றி நின்ற ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அப்புறம் கரண்டியில் சாம்பார் எடுத்து ஆற்றி, என் உள்ளங்கையில் ஊற்றினான். கோகிலவாணி பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து எழுந்து நின்றாள்.

“உப்பு?” என்றான்.

முகக்கவசத்தை இறக்கி நக்கிப் பார்த்தேன். “சரியா இருக்குது” என்றேன். இந்தத் தடவை மண்டபம் முழுக்கக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

கூடத்தான் இருந்தது. ஒரு கை கூடத்தான். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். அவனுக்கா தெரியாது? சிரித்துக்கொண்டே ஒரு குண்டா வெந்நீரை எடுத்து அண்டாவில் ஊற்றிக் கிண்டினான். பிறகு சொம்பில் குடிதண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

“குடி. உப்புக் கூட” என்றான்.